அஜின்கோர்ட் சாமுராய்

இந்தமுறை விடுவதில்லை என்று சண்முகலிங்கம் முடிவெடுத்தார்.

முன்னரும் அவர் முடிவுகள் எடுத்தவர்தான். புல்லாங்குழல் பழகுவது என்று ஒரு முடிவு. ரொறன்ரோவில் அஜின்கோர்ட் பக்கமிருந்த வீட்டுக்குப் பின்னால் தேனீ வளர்ப்பது என்று ஒரு முடிவு. விடிய எழும்பி ஐந்து கிலோமீற்றர் நடப்பது என்று இன்னொரு முடிவு. புல்லாங்குழல் இரண்டாம் கிழமை மூச்சை விட்டது. தேனீக்கள் நாலாம் நாள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டன. நடை மெல்ல மெல்லச் சுருங்கி, கடைசியில் காரில் போய்க் கோப்பி வாங்கி வருவதாக முடிந்தது.

இவை எல்லாவற்றையும் அவருடைய மனைவி ரதி பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ரதி வாள் வாளென்று கத்துகிற பெண் அல்ல. கத்துகிறவள் என்றால் காதைப் பொத்திக்கொண்டு காலத்தை ஓட்டலாம். பேசாமல் பார்க்கிறவளை எதைப் பொத்திக்கொண்டு சமாளிப்பது? கலியாணமாகி இருபத்தெட்டு வருடமாகியும் சண்முகலிங்கத்துக்கு அதற்கு விடை கிடைக்கவில்லை.

ஆனால் இந்தமுறை விஷயம் வேறு. இந்தமுறை வீட்டுக்குள் உண்மையாகவே ஒரு வாள் வந்திருந்தது.

அது ஒட்டாவாவிலிருந்து வந்தது. ரதியின் பெரிய மாமா, கலியாணம் கட்டாத மனுசன், எண்பத்தைந்து வயதில் அங்கே காலமாகியிருந்தார். அவருடைய வீட்டை ஒதுக்கியவர்கள், ரதியின் பேர் எழுதிய நீளப் பெட்டி ஒன்றை ஜனவரியில் அனுப்பி வைத்தார்கள். பெட்டிக்குள் ஒரு ஜப்பானிய வாளும் ஒரு கடிதமும் இருந்தன.

'ரதி, என்ர ஐயா மலாயாவில ரயில்வே கிளாக்கராய் இருந்த காலம், ஜப்பான்காரர் சரணடைஞ்சு குடுத்த வாளெல்லாத்தையும் ஸ்ரேசனில குவிச்சு வைச்சிருந்ததாம். அதிலயிருந்து ஒரு வெள்ளைக்கார மேஜர் இதை எடுத்து ஐயாவுக்குக் குடுத்தவர். ஐயாவும் ஒண்டும் செய்யேல்லை, நானும் ஒண்டும் செய்யேல்லை. இது எங்கட சாமான் இல்லை. ஆற்றை எண்டு கண்டுபிடிக்க ஏலுமெண்டால் குடுத்துவிடு. ஏலாட்டில் நீயே வைச்சிரு.'

ரதி கடிதத்தை இரண்டுதரம் வாசித்துவிட்டு மடித்து வைத்தாள். அவள் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். கிழமைக்கு ஆறு நாள். வாள் யாருடையது என்று ஆராய அவளுக்கு நேரம் கிடையாது.

"நீங்கள் பாருங்கோவன்," என்றாள். "பிறம்ரன் வெயாஹவுசில இருபத்திரண்டு வருஷமாய், எந்தச் சாமான் ஆற்றை, எங்க போகவேணும் எண்டுதானே பாத்தனீங்கள்."

சண்முகலிங்கம் பென்ஷன் எடுத்து ஆறு கிழமை ஆகியிருந்தது. உலகத்துக்குத் தான் இனித் தேவைப்படமாட்டேனோ என்று அவர் யோசிக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. நெஞ்சை நிமிர்த்தினார்.

"நான் இதை அடியிலயிருந்து நுனிவரை ஆராயாமல் விடமாட்டன்."

"நுனியில கவனம்," என்றாள் ரதி. "கூராய் இருக்கு."

அன்றிலிருந்து அவருடைய வாழ்க்கை வாள்க்கை ஆயிற்று. நூல்நிலையத்திலிருந்து ஜப்பானிய வாள்கள் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று வந்தது. வெள்ளைக் கையுறை வந்தது. பூதக்கண்ணாடி வந்தது. சாப்பாட்டு மேசை ஆராய்ச்சி மேசை ஆனதால் குடும்பம் சோபாவில் இருந்து சாப்பிடப் பழகியது. வாளை வெறுங்கையால் தொடக்கூடாது, வியர்வை பட்டால் கறள் பிடிக்கும் என்று புத்தகம் சொன்னது. உருவிய வாளுக்கு முன்னால் பேசவும் கூடாது, எச்சில் தெறித்தாலும் கறள்தான். ஆகவே கலியாணமாகி முதல்தடவையாக சண்முகலிங்கம் ஒரு மணித்தியாலம் தொடர்ந்து வாய் திறக்காமல் இருந்தார். ரதிக்கு அந்த வாளில் அன்றைக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது.

பிடியைக் குறுக்காகத் துளைத்து ஒரு மூங்கில் ஆணி இருந்தது. அதைத் தட்டிக் கழற்றினால் பிடி முழுதாகக் கழன்று வரும். பிடிக்குள் இத்தனை காலமும் மறைந்திருந்த இரும்புத்தண்டைப் பார்த்துத்தான் வாளின் வயதையும் ஊரையும் சொல்வார்கள். அந்தத் தண்டுக்குச் சண்முகலிங்கம் தன்பாட்டில் 'வால்' என்று பேர் வைத்தார்.

"ரதி, வாலில எழுத்திருக்கு."

"ஆற்றை வாலில?"

"வாளின்ர வாலில."

"ஒண்டில் வாள் எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டில் வால் எண்டு சொல்லுங்கோ."

"வாளுக்கு வால் இருக்கப்பா. வாளைச் செய்த கொல்லன் தன்ர பேரை வாலில வெட்டியிருக்கிறான்."

"வாலில பேர் வெட்டுறவன் என்ன மனுசனோ," என்று சொல்லிக்கொண்டு ரதி வேலைக்குப் போனாள்.

அந்த எழுத்துகளைப் படம் எடுத்துப் பெருப்பித்து, புத்தகத்திலுள்ள கொல்லர்களின் பேர்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். மூன்று கிழமை ஒப்பிட்டார். கண் சிவந்ததே தவிர ஒன்றும் பொருந்தவில்லை. ஜப்பானின் சரித்திரத்திலேயே இல்லாத ஒரு கொல்லனைத் தான் கண்டுபிடித்துவிட்டதாக அவர் நம்பத் தொடங்கிய நேரம், மகள் நிலக்சி கோப்பிக் கோப்பையோடு மேசையைக் கடந்து போனாள். நிலக்சி இங்கே பிறந்து வளர்ந்தவள். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம்.

"அப்பா, யூ ஆர் ஹோல்டிங் இற் அப்சைட் டவுன்."

"உனக்கு ஜப்பான் பாசை தெரியுமோ?"

"தெரியாது. பட் புத்தகத்தில எல்லாப் படத்திலயும் ஓட்டை மேல இருக்கு. உங்கட படத்தில கீழ இருக்கு."

அவர் படத்தைத் திருப்பினார். அன்று பின்னேரமே பேர் பொருந்தியது. பெரிய புகழ் ஒன்றும் இல்லாத, ஏதோ ஒரு மலைநாட்டுக் கொல்லன். ஆனால் முன்னூறு வருடத்துக்குக் குறையாத பழைமை. வாலில் ஆணித்துளை ஒன்றுக்குப் பதிலாக இரண்டு இருந்தது. அப்படியென்றால் இந்த வாள் ஒருமுறை பழைய பிடியைக் கழற்றிவிட்டுப் புதுப் பிடிக்குள் நுழைந்திருக்கிறது. கைக்காப்பும், அதற்கு மேலும் கீழும் இருந்த செப்பு வளையங்களும் 1940 அளவில் செய்த இராணுவச் சாமான்கள். கைக்காப்பில் செரிப்பூ. எல்லாவற்றிலும் ஒரே இலக்கம் குத்தியிருந்தது. ஆகவே ஒன்றும் கலப்படம் இல்லை. பிடியின் முடிவில் இருந்த குமிழில் மட்டும் வெள்ளியில் ஒரு சின்னம், வட்டத்துக்குள் மூன்று இலை. அது ஒரு குடும்பத்தின் அடையாளம். யாரோ ஒரு வாலிபன் யுத்தத்துக்குப் போகும்போது, பரம்பரை வாளுக்கு யூனிபோம் போட்டுக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

சண்முகலிங்கம் கையுறையைக் கழற்றிவிட்டு வெகுநேரம் அந்த வாளைப் பார்த்தபடி இருந்தார். ஜன்னலால் வந்த பனிக்கால வெயில் அலகின் ஓரத்தில் படிந்து, நுரை ஒதுங்கிய கடற்கரைபோல ஒரு வெள்ளைக் கோட்டைக் காட்டியது. அவருடைய வாழ்க்கையில் இத்தனை வடிவான ஒரு சாமான் அவருடைய கையில் இருந்ததில்லை. வெயாஹவுசில் அவர் கையால் போனதெல்லாம் மற்றவர்களின் குளிர்சாதனப்பெட்டிகள்.

அடுத்த நாள்தான் வினை வந்தது. மர உறைக்கு மேலே தோலுறை ஒன்று கட்டியிருந்தது. அதன் வாரை அவிழ்த்தபோது உள்ளேயிருந்து மடித்த துணித்துண்டு ஒன்று விழுந்தது. மங்கிய மையில் ஜப்பானிய எழுத்து. ஃபோனைப் பிடித்து மொழிபெயர்த்தார். ஒரு ஊரின் பேர். அதற்குக் கீழே, ஒகாமுரா.

ஆற்றை என்று தெரிந்துவிட்டது.

தெரிந்தால் கொடுக்கவேண்டும். கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. சண்முகலிங்கம் துணித்துண்டைப் பார்த்தார். வாளைப் பார்த்தார். ஹோலில் ரீவிக்கு மேலே வெறுமையாகக் கிடந்த சுவரைப் பார்த்தார். பிறகு துணித்துண்டைப் புத்தகத்துக்குள் வைத்து மூடினார்.

அன்று பின்னேரம் ரதி வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியபடியே கேட்டாள்.

"என்னவாம் வாள்?"

"ஃபக்ரறிச் சாமான்."

"அப்பிடியோ?"

"மெஷினில ஆயிரக்கணக்கில அடிச்சுத் தள்ளியிருக்கிறாங்கள். தகரம் மாதிரி."

"பேர் வெட்டியிருந்ததே?"

"அது ஃபக்ரறியின்ர பேர்."

"அப்ப ஆற்றை எண்டு கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை."

"ஒரு துண்டும் இல்லை," என்றார் சண்முகலிங்கம். துண்டு என்ற சொல் வாய்தவறி வந்ததில் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது.

ரதி அவரைப் பார்த்தாள். பேசாமல் பார்த்தாள். பிறகு, "பாவம் மாமா," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

இவ்வளவு லேசாக முடிந்துவிட்டதே என்று அவர் நினைத்தார். அது முடியவில்லை, தொடங்கியது. அடுத்த சனிக்கிழமை ரதி ஒரு போத்தலும் கம்பிப் பஞ்சும் கையில் ஏந்தியபடி மேசைக்கு வந்தாள்.

"உதென்ன?"

"வினாகிரி. அந்த வால் முழுக்கக் கறள். ஃபக்ரறிச் சாமான்தானே, உரஞ்சித் துப்புரவாக்கிவிடுவம்."

சண்முகலிங்கத்தின் இரத்தம் உறைந்தது. வாள் உறைக்குள் இருக்கவில்லை, அவர்தான் உறைந்தார். வாலில் உள்ள கறள்தான் வாளின் பிறப்புச் சாட்சிப் பத்திரம். அதை உரஞ்சுகிறவனை வாள் உலகத்தில் மனிதனாகவே கணக்கெடுக்கமாட்டார்கள்.

"வேண்டாம்."

"ஏன்?"

"வினாகிரி மணம் எனக்கு ஒத்துக்கொள்ளாது."

"நேற்றுப் போத்தலோட அச்சாறு சாப்பிட்டனீங்கள்."

"அதாலதான் இண்டைக்கு ஒத்துக்கொள்ளாது."

ரதி போத்தலை வைத்துவிட்டாள். பத்து நாள் கழித்து வேறொரு செய்தி கொண்டுவந்தாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்துத் துர்க்கா ரீச்சர், ஆண்டு விழா நாடகத்துக்கு ஒரு வாள் தேடுகிறாவாம்.

"ஓம் எண்டிட்டன்," என்றாள் ரதி. "சும்மா கிடக்கிற சாமான்தானே."

"ஆர் பிடிக்கிறது?"

"அரசனாய் நடிக்கிற பெடியன். ஒன்பது வயசு. மேடையில வாழைமரம் ஒண்டை வெட்டிக் காட்டுவானாம்."

"உது ஆபத்து, ரதி. உண்மையான வாள்."

"தகரம் எண்டு சொன்னனீங்கள்."

"உண்மையான தகரம்."

"நுனிக்கு ஒட்டுற ரேப் சுத்துவினமாம். பயப்பிடாதேங்கோ."

அன்று சண்முகலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு ரஸீனிடம் போனார். ரஸீன் ஹீற்றிங் வேலை செய்கிறவர், அக்கரைப்பற்றுப் பக்கம். அப்போது வீட்டு முற்றத்தில் காரின் குளிர்கால ரயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு ரயருக்கு மேலேயே குந்தினார்.

"அண்ணன், இதுக்கு ஒரே வழிதான். அது மாதிரியே இன்னொண்ட வாங்கி வைங்க. அவங்க அத உரஞ்சட்டும், நாடகத்துக்குக் குடுக்கட்டும். ஒங்கட வாள் ஒங்களுக்கு."

"அது பொய்யெல்லோ, ரஸீன்?"

"நீங்க இதுவரைக்கும் சொன்னது?"

சண்முகலிங்கம் வந்த வழியே திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்து ஒன்லைனில் தேடினார். ஆயிரம் போலி வாள்கள் இருந்தன. செரிப்பூக் கைக்காப்பும் தோலுறையும் உள்ள ஒன்றைத் தெரிவுசெய்து ஓடர் பண்ணினார். ரதி வேலைக்குப் போன பிறகு பார்சல் வந்தது. தூரத்தில் வைத்துப் பார்த்தால் இரட்டைப்பிள்ளை. கிட்டப் போனால்தான் ஒன்று பளபளவென்று கலியாண மாப்பிள்ளை மாதிரி இருப்பது தெரியும். மாப்பிள்ளையை ஹோல் அலுமாரியில் பெட்டிக்குள் வைத்தார். கிழவனை ஒரு பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, வீட்டுக்குக் கீழே பேஸ்மன்ற்றில், ஜன்னல் திரைக்கான கேற்றின் கம்பி வந்த நீளப் பெட்டிக்குள் ஒளித்தார்.

பிறகு ரதியிடம் பெருந்தன்மையோடு சொன்னார். "நாடகத்துக்கு வாளைக் குடும். பிள்ளையளுக்குத்தானே."

"வேண்டாமாம்," என்றாள் ரதி. "காட்போட்டில செய்திட்டினம்."

கோடை வந்தது. சண்முகலிங்கம் உறுதியாக இருந்தார். ரதி இல்லாத சனிக்கிழமைகளில் கீழே போய், வாளுக்குக் கிராம்பெண்ணெய் பூசி, மெல்லிய துணியால் துடைத்து, திரும்பவும் படுக்கவைத்தார். ஜப்பானில் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் ஜப்பானில் செய்கிறவர்களின் மனைவிமார் என்ன கேட்பார்கள் என்று புத்தகத்தில் போட்டிருக்கவில்லை.

"உங்களில கிராம்பு மணக்குது," என்றாள் ரதி ஒருநாள். "பல்லுக் குத்தோ?"

"ஓம். கொஞ்சம்."

"எத்தினை நாளாய்?"

"கொஞ்ச நாளாய்."

ரதி உடனேயே பல் வைத்தியரிடம் நேரம் எடுத்துவிட்டாள். கூடவே போனாள். எந்தப் பல் நோகுது என்று வைத்தியர் கேட்டார். நோகாத பல்லைக் காட்டமுடியாமல் சண்முகலிங்கம் ஒரு பக்கமாகக் கையை வீசினார். வைத்தியர் அந்தப் பக்கத்தைத் தேடி, கடைவாய்ப் பல் ஒன்று உண்மையிலேயே பழுது என்று சொல்லிப் பிடுங்கினார். வாளுக்காக இரத்தம் சிந்திய கடைசி மனிதன் தானாகத்தான் இருக்கவேண்டும் என்று அவர் வீங்கிய கன்னத்தோடு நினைத்துக்கொண்டார்.

செப்ரெம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை காலமை, ரதி தேத்தண்ணியை அவருக்கு முன்னால் வைத்துவிட்டு எதிரே இருந்தாள்.

"நாளைக்கு மூண்டு மணிக்கு ஒருத்தர் வாறார். ஜப்பானிலயிருந்து."

"ஆர்?"

"ஒகாமுரா. வாள் அவற்றை தாத்தாவின்ரயாம்."

சண்முகலிங்கம் தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார். "பேர் எப்பிடித் தெரியும்?"

"உங்கட லைப்ரரிப் புத்தகத்தைத் திருப்பிக் குடுக்க நான்தானே மார்ச்சில கொண்டுபோனனான். உள்ளுக்க ஒரு துணித்துண்டு இருந்தது. எங்கட வேலையிடத்தில குசினி பாக்கிற கெய்கோ ஜப்பான்காரி. அவ வாசிச்சுச் சொன்னவ. அவவின்ர மனுசன் அந்த ஊர் மாநகரசபைக்கு எழுதினவர். வாளை அங்க கொண்டுபோற பேப்பர் வேலை எல்லாம் முடிஞ்சுது." ரதி கோப்பையைத் திருப்பி வைத்தாள். "துண்டை நீங்கள் மறந்துபோனியள் போல."

"ஓம்," என்றார் சண்முகலிங்கம். "மறந்துபோனன்."

"தலைமயிர் காடு மாதிரி இருக்கு. பின்னேரம் போய் வெட்டிக்கொண்டு வாங்கோ. ஆக்கள் வருகினம்."

சலூன் கதிரையில் இருந்தபடி சண்முகலிங்கம் கணக்குப் போட்டார். அலுமாரியில் இருப்பது போலி. வருகிறவர் பள்ளிக்கூட வாத்தியாராம், வாள் வியாபாரி இல்லை. வாங்கிக்கொண்டு போவார். ரதிக்கும் நிம்மதி, அவருக்கும் நிம்மதி, மாமாவின் ஆத்மாவுக்கும் ஒருமாதிரி நிம்மதி. எட்டு மாதம் ஆராய்ந்தவன் அவர். ஒரு பல்லைக் கொடுத்தவன் அவர். விடுவதில்லை.

ஞாயிறு மூன்று மணிக்கு மணி அடித்தது. கெய்கோ சிரித்தபடி முதலில் வந்தாள். அவளுக்குப் பின்னால் மெலிந்த ஒரு மனிதர், ஐம்பது வயதிருக்கும், வெயிலிலும் கறுப்புக் கோட்டோடு வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றி, முனை வெளிப்பக்கம் பார்க்க நேராக அடுக்கினார். புதுக் காலுறை. ரதி மீன் ரோல்சும் தேத்தண்ணியும் வைத்தாள். ஒகாமுரா ஒன்றையும் தொடவில்லை. கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். கெய்கோ அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவருடைய தாத்தா 1944இல் மலாயாவுக்குப் போனார். வாளைச் சரணடைந்து கொடுத்த அடுத்த மாதம் காய்ச்சலில் அங்கேயே செத்துப்போனார். அவர் புறப்பட்ட நேரம் பாட்டிக்கு மூன்று மாதம். அந்தக் குழந்தைதான் ஒகாமுராவின் அம்மா; ஒரே பிள்ளை என்றபடியால் அவரைக் கட்டியவர் அந்த வீட்டுப் பேரையே எடுத்துக்கொண்டார். இப்போது எண்பத்தொரு வயது. அப்பாவின் சாமான் என்று அம்மாவிடம் ஒன்றுமே இல்லை. ஒரு படம்கூட இல்லை, வீடு எரிந்துவிட்டது.

ரதி எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, வாளை எடுத்து வந்தாள். அதற்கு அவள் தன்னுடைய பழைய பட்டுச் சேலையில் பை ஒன்று தைத்திருந்தாள். வாயையும் நூலால் தைத்து மூடியிருந்தாள். ஒகாமுரா எழும்பினார். இரண்டு கையாலும் வாங்கினார். நெற்றி அதில் படும்வரை குனிந்தார். பிறகு மடியில் வைத்துக்கொண்டார். திறக்கவில்லை.

"அம்மாதான் முதலில் திறக்கவேண்டும் என்கிறார்," என்றாள் கெய்கோ. "அம்மா ஜூனிலிருந்து தினமும் எந்த மேசையில் வைப்பது என்று மேசையை மாற்றிக்கொண்டிருக்கிறாவாம்."

ஒகாமுரா சண்முகலிங்கத்தின் பக்கம் திரும்பி, அவருக்கென்று தனியாக ஒருமுறை குனிந்தார். நிமிர்ந்தபோது கண் நனைந்திருந்தது.

சண்முகலிங்கம் ஒரு ரோல்சை எடுத்தார். திரும்ப வைத்தார். ரொறன்ரோவின் காலநிலை பற்றி ஒரு வசனம் தொடங்கி நடுவில் விட்டார். அவருடைய கண்ணுக்கு முன்னால் ஒரு மேசை வந்து நின்றது. அந்த மேசைக்கு முன்னால் எண்பத்தொரு வயதுக் குழந்தை ஒன்று முழந்தாளில் இருந்து, நடுங்கும் விரலால் நூலைப் பிரிக்கிறது. உள்ளே பளபளவென்று மாப்பிள்ளை.

அவர் எழும்பினார். எழும்பவேண்டும் என்று நினைத்து எழும்பவில்லை, கால் எழும்பிற்று. படியால் இரண்டு இரண்டாகக் கீழே இறங்கினார். பேஸ்மன்ற் கதவு சுவரில் மோதியது. கேற்றின் பெட்டியை அப்படியே அணைத்துக்கொண்டு மூச்சுவாங்க மேலே வந்து, ஹோல் நடுவில் நின்றார்.

"மிஸ்டர் ஒகாமுரா, பொறுத்துக்கொள்ளவேணும்." தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டினார். "உங்கட மடியில இருக்கிறது பொய் வாள். நான்தான் மாத்தி வைச்சனான். ஆசை பிடிச்சுப்போட்டுது. என்ர மனுசிக்கு ஒண்டும் தெரியாது, அவவைக் குறை நினையாதேங்கோ. உங்கட தாத்தாவின்ர வாள் இதுதான்."

பெட்டியைத் திறந்தார். படுக்கை விரிப்பைச் சுழற்றி எடுத்தார். வாளை உயர்த்திப் பிடித்தார்.

ஹோல் வெளிச்சத்தில் மாப்பிள்ளை பளபளவென்று மின்னினார். கைக்காப்பின் ஓரத்தில் பொன்னிறம் உரிந்து வெள்ளை பிளாஸ்ரிக் தெரிந்தது. உறையில் விலைச்சீட்டின் பாதி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

சோபாவின் மூலையில் இருந்த நிலக்சி எழும்பிக் கிட்ட வந்து பார்த்தாள்.

"அப்பா," என்றாள் நிலக்சி மெதுவாக, "தற்ஸ் த ஃபேக் வன்."

ரதி கெய்கோவிடம் குனிந்து ஏதோ சொல்ல, அவள் அதை ஒகாமுராவுக்குச் சொன்னாள். அவர் தயங்கி, பட்டுப்பையின் ஒரு பக்கத்து நூலை மட்டும் பிரித்தார். பிடியின் குமிழ் வெளியே வந்தது. கறுத்த வெள்ளியில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் மூன்று இலை. கிராம்பு மணம் மெல்ல அறை முழுக்கப் பரவியது.

கெய்கோ சண்முகலிங்கம் சொன்னது முழுவதையும் ஒகாமுராவுக்கு ஜப்பானிய மொழியில் சொன்னாள். சொல்லி முடிய வெகுநேரம் எடுத்தது. ஒகாமுரா எழும்பி வந்து, சண்முகலிங்கத்தின் கையிலிருந்த வாளை இரண்டு கையாலும் வாங்கி, மேலிருந்து கீழாக ஆறுதலாகப் பார்த்துவிட்டு, அதே மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார். பிறகு சில வசனங்கள் பேசினார்.

"இதுவும் நல்ல வாள் என்கிறார்," என்றாள் கெய்கோ. "தாத்தாவின் வாளுக்குச் சரியான எண்ணெய் பூசியது யார் என்று கேட்கிறார். படிகளில் ஓடிப்போய் ஓடிவந்த மனிதரைப் பற்றியும் அம்மாவிடம் சொல்வாராம்."

"நான்தான்," என்றார் சண்முகலிங்கம். எதற்கு அதைச் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை.

அவர்கள் போன பிறகு சண்முகலிங்கம் படியில் இருந்தார். மடியில் மாப்பிள்ளை. ரதி கோப்பைகளைக் குசினிக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

"எப்ப மாத்தினனீர்?"

"நேற்று. நீங்கள் தலைமயிர் வெட்டப் போன நேரம்."

"நான் கீழ போகாமல் விட்டிருந்தால்?"

"வாள் போகவேண்டிய இடத்துக்குப் போயிருக்கும்." தண்ணீர் திறந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு மேலால், "நீங்கள் போனது எனக்குச் சந்தோசம்," என்றாள்.

சண்முகலிங்கத்துக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது.

"ரஸீன்தானே சொன்னவன்?"

"அந்த மனுசன் வாயே திறக்கேல்லை, பாவம்."

"பின்னை எப்பிடித் தெரியும்?"

"நீங்கள் ஓடர் பண்ணினது என்ர எக்கவுண்டிலயப்பா. 'உங்கள் சாமுராய் வாள் ஒப்படைக்கப்பட்டது' எண்டு எனக்கெல்லோ மெசேஜ் வந்தது. படத்தோட."

"என்ன படம்?"

"நீங்கள் சாரத்தோட வாசலில நிண்டு, பார்சலைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு, ரோட்டின்ர ரெண்டு பக்கமும் பாக்கிறியள்." ரதி ஒரு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். "ஏப்ரலிலயிருந்து கெய்கோ அதைப் பெருப்பிச்சு எங்கட வேலையிடத்துக் குசினிச் சுவரில ஒட்டி வைச்சிருக்கிறா."